புள்ளிக்கு வலப்பக்கம்

குருவிக்கல்பட்டி நடுநிலைப்பள்ளியில் பிரிசில்லா டீச்சர் கரும்பலகையில் வைத்த தசமப் புள்ளி வைத்த இடத்தில் நிற்காமல், புளியங்கொட்டை உதிர்வதுபோல டொக்கென்று தரையில் விழுந்து, மேசைக்கு அடியில் உருண்டு, முன்பெஞ்சுப் பிள்ளைகளின் கால்களுக்கு இடையே புகுந்து, கூடத்தின் நட்டநடுவில், இடப்பக்கத்து மூன்று பெஞ்சு வரிசைகளையும் வலப்பக்கத்து மூன்று பெஞ்சு வரிசைகளையும் பிரிக்கிற நடைபாதையில் போய் நின்றது. சாக்பீஸ் துண்டு என்று நினைத்து டீச்சர் குனிந்து எடுக்கப் பார்த்தார். வரவில்லை. நகத்தால் சுரண்டினார், அப்போதும் வரவில்லை. மணி அடிக்க நேரமாகிறதே என்று பலகையில் இன்னொரு புள்ளியை வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்.

"முந்நூத்தி எழுபத்திரெண்டு புள்ளி நாலு எட்டு அஞ்சு. இதுல நாலு எந்த எடத்துல இருக்கு? சோலை, நீ சொல்லு."

வலப்பக்கத்துக் கடைசி வரிசையில், சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்த சோலையம்மாள் எழுந்தாள். ஏழாம் வகுப்பு. அவள் அப்பா முனியாண்டி கல்குவாரியில் மெஷினால் பாறைக்குத் துளை போடும் வேலை பார்த்துப் பார்த்து இரண்டு காதையும் அந்த மெஷினிடம் கொடுத்துவிட்டவர். அவரைச் சாப்பிடக் கூப்பிடுவதற்காகவே சிறு வயதிலிருந்து கத்திப் பழகியதால், சோலை வீட்டு வாசலில் நின்று பேசினால் பஸ் நிறுத்தத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தச் சோலை எழுந்து நின்று, "பத்தில் ஒன்றாம் எடம் டீச்சர்" என்று சொன்னாள். அவள் உதடு அசைந்தது எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு எறும்பு இருமியதுபோல ஏதோ கேட்டது. அவ்வளவுதான்.

"வாயத் தொறந்து சொல்லு."

சோலை மறுபடியும் சொன்னாள். இந்த முறை கழுத்து நரம்பு புடைத்தது. எறும்பு இன்னொரு முறை இருமியது.

இடப்பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனிடம், "இவளுக்கு என்னடா ஆச்சு" என்று காதோடு காதாகக் கிசுகிசுத்தான். அந்தக் கிசுகிசுப்பு கூடத்தைத் தாண்டி, சத்துணவுக் கூடத்தைத் தாண்டி, மெயின் ரோடு வரைக்கும் போய், சைக்கிளில் போன ஒரு ஆள் காலை ஊன்றி, "யாருக்குப்பா என்ன ஆச்சு" என்று திருப்பிக் கேட்டார்.

புள்ளி தன் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது.

ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது. புள்ளியை ஒட்டி இடப்பக்கம் உள்ள வரிசையில் உட்கார்ந்து பேசினால் மனிதக் குரல் மனிதக் குரலாகவே கேட்கும். அதற்கும் இடப்பக்கத்தில் பத்து மடங்கு, ஜன்னலோரத்தில் நூறு மடங்கு. புள்ளியைத் தாண்டி வலப்பக்கம் வந்தால் முதல் வரிசையில் பத்தில் ஒரு பங்கு, அடுத்ததில் நூறில் ஒரு பங்கு, சுவரோரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர்களுக்கு எதுவும் ஆகவில்லை, அவர்கள் எப்போதும்போலப் பேசினார்கள், எப்போதும்போல அவர்கள் பேசியது கேட்டது.

யார் எந்தப் பக்கம் உட்கார்வது என்பது புள்ளி விழுவதற்கு ரொம்பக் காலம் முன்பே முடிவான சங்கதி. இடப்பக்கம் ஜன்னலும் காற்றாடியும் உண்டு, அங்கே ஊர்த்தெருப் பிள்ளைகள். வலப்பக்கம் சுவர், அங்கே குவாரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிற பாறைத்தெருப் பிள்ளைகள். பாறைத்தெருப் பிள்ளைகளின் துணியில் கல் உடைக்கும் கிரஷர் தூசி இருக்கிறது, மற்ற பிள்ளைகளுக்கு இருமல் வரும் என்று தலைமையாசிரியர் நல்லமுத்து சொல்வார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அதையேதான் சொன்னாராம். கிரஷர் வருவதற்கு முன்னால் இருந்தவர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்டதில்லை.

ஊர் வந்து புள்ளியைப் பார்த்தது. ஊர்த்தெருப் பெண்கள் சிலர் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள், மறுநாள் காலையில் இரண்டும் இல்லை, புள்ளி வெள்ளையாகவே இருந்தது. ஒரு கொத்தனார் வந்து உளி வைத்துத் தரையைப் பெயர்த்தார். தரை வந்தது, புள்ளி வரவில்லை. பள்ளத்துக்கு மேலே, பழைய தரையின் உயரத்தில், அந்தரத்தில் அது பாட்டுக்கு நின்றது. கையை விட்டு அடியில் துழாவிப் பார்த்த கொத்தனார், சிமெண்டைக் குழைத்துப் பள்ளத்தைப் பழையபடி மூடி, புள்ளியைச் சுற்றி நன்றாகப் பூசிக்கொடுத்துவிட்டுக் கூலி வாங்காமல் போனார். ஊராட்சித் தலைவர் வந்து கொஞ்ச நேரம் நின்றார். "இருந்துட்டுப் போகுது. சோறா கேக்குது" என்றார்.

ஊருக்கு அது பழகிவிட்டது. ஜன்னலோரப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் கஷ்டம், பரீட்சையில் ஒருத்தருக்கு ஒருத்தர் விடை சொல்லிக்கொள்ள முடியவில்லை, வயிறு கடமுடா என்றால்கூட ஊருக்கே தெரிந்தது. சுவரோரப் பிள்ளைகளோ தலைமையாசிரியரை அவர் முகத்துக்கு நேரே, சிரித்துக்கொண்டே, வண்டி வண்டியாக வைதார்கள். கொஞ்ச நாளில் அதுவும் சலித்துவிட்டது. யாருக்கும் கேட்காத வசவில் ருசி இல்லை.

பிறகுதான் முட்டைப் பிரச்சினை வந்தது. தலைமையாசிரியர் வருகைப் பதிவு எடுக்கும்போது, 'உள்ளேன் ஐயா' என்ற சத்தம் காதில் விழுந்தால்தான் வந்ததாகப் போடுவார். கை தூக்கினால் ஒப்புக்கொள்ள மாட்டார். கையைத் தூக்கி ஏமாற்றலாம் என்பார், எப்படி என்று சொல்ல மாட்டார். வந்தவர்களின் எண்ணிக்கைப்படிதான் சத்துணவில் முட்டை அவியும். சுவரோரத்தில் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் வராத பிள்ளைகளானார்கள், அவர்களுடைய தட்டில் சாம்பார் சாதம் மட்டும் விழுந்தது.

சோலைக்கு முட்டை மேல் பெரிய ஆசை கிடையாது. ஆனால் தான் இருக்கும்போதே இல்லை என்று ஒருத்தர் எழுதுவதை அவளால் தாங்க முடியவில்லை. அவள் தன் வரிசைப் பிள்ளைகளைக் கூட்டினாள். ஒருத்தி பேர் கூப்பிடும்போது எல்லாரும் சேர்ந்து சொல்லிப் பார்க்கலாம் என்றாள். இரண்டு பேர், நாலு பேர் என்று சேர்ந்து கத்தினார்கள். பத்துப் பேர் ஒரே மூச்சில் சொன்னபோது, அடுத்த, நூறில் ஒரு பங்கு வரிசையில் ஒருத்தர் பேசுகிற அளவுக்குச் சத்தம் வந்தது. அப்படியே அந்த வரிசைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டார்கள், பத்தில் ஒன்றாம் இடத்துப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் பாறைத்தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே வாயாக 'உள்ளேன் ஐயா' என்று அலறினால், ஊர்த்தெருப் பிள்ளை ஒன்று வாயைப் பொத்திக்கொண்டு சொன்ன மாதிரி கேட்டது. நல்லமுத்து சார் காதைத் தீட்டிக்கொண்டு, வேண்டாவெறுப்பாக, வந்ததாகப் போட்டார். ஒவ்வொரு பேருக்கும் அத்தனை பேரும் அலற வேண்டும். வருகைப் பதிவு முடிவதற்குள் பாறைத்தெருப் பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டிவிடும். முட்டை வந்தது.

இதனால் ஒரு லாபமும் இருந்தது. பிரிசில்லா டீச்சர் ஒரு நாள் பலகையில் 0.4 என்றும் 0.35 என்றும் எழுதி, எது பெரியது என்று கேட்டார். இடப்பக்கம் முழுவதும் முப்பத்தைந்துதான் பெரியது என்றது, நாலை விட முப்பத்தைந்து பெரியதுதானே என்றது. வலப்பக்கத்தில் ஒருத்தர்கூட அப்படிச் சொல்லவில்லை. பத்தில் ஒன்றாம் இடத்தில் நாலு பேர் பேசினால் எவ்வளவு கேட்கும், அங்கே மூன்று பேரும் அதற்குப் பின்னால் நூறில் ஒன்றாம் இடத்தில் ஐந்து பேரும் பேசினால் எவ்வளவு கேட்கும் என்பது அவர்களுக்குத் தினமும் காலையில் தொண்டை வலியாகத் தெரிந்த விஷயம். டீச்சர் வலப்பக்கம் நடந்து வந்து, சோலையின் வாய் அருகே காதை வைத்துக் கேட்டார். பிறகு பலகைக்குப் போய், பிள்ளைகளையே எண்களாக உட்கார வைத்துப் பேசவிட்டு, இடப்பக்கத்துக்கும் அதைக் காதால் கேட்க வைத்தார். அன்றைக்கு அந்த வகுப்பில் தசமம் புரியாத பிள்ளை ஒன்றுமில்லை.

இன்னொரு நாள், "பத்தால பெருக்கணும்னா புள்ளிய ஒரு எடம் வலது பக்கம் நகத்துங்க" என்றார் டீச்சர். புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. சோலை எழுந்தாள். டீச்சர் பழக்கப்படி அவளிடம் போய்க் குனிந்தார்.

"புள்ளி நகராது டீச்சர். கொத்தனாரே நகத்த முடியல."

"அப்பறம் எப்படிப் பெருக்குறது?"

சோலை தரையில் இருந்த புள்ளியைப் பார்த்தாள். "எண்ணுதான் நகரணும். எல்லாம் ஒரு எடம் இடப்பக்கம் தள்ளி உக்காரணும்."

டீச்சர் நிமிர்ந்தார். அவர் தினமும் இரண்டு பஸ் மாறி வருகிற வெளியூர்க்காரி, வேலைக்குச் சேர்ந்து ரொம்ப நாள் ஆகவில்லை. கூடத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரு முறை பார்த்தார். வாசல் பக்கம் திரும்பி, தலைமையாசிரியர் வருகிறாரா என்றும் பார்த்தார். "சரியான விடை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் குவாரிக்காரர் ராஜாங்கம் இன்னும் கொஞ்சம் பாறை கேட்டார். இருக்கிற பள்ளம் ஆழமாகித் தண்ணீர் ஊறிவிட்டது, பக்கவாட்டில் வெட்டினால்தான் உண்டு, பக்கவாட்டில் இருந்தது பாறைத்தெரு. தெருவுக்கு மாற்று இடம் தருவதாகச் சொன்னார், எங்கே என்று சொல்லவில்லை. சட்டப்படி மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். மேலிடத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வருவார், மக்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டு போவார், அதை வைத்துத்தான் முடிவு. குருவிக்கல்பட்டியில் கூரை போட்ட பெரிய இடம் பள்ளிக்கூடக் கூடம் ஒன்றுதான். கூட்டம் அங்கேதான் என்று தண்டோரா போட்டுச் சொன்னார்கள். அவரவர் இடத்தில் இருந்தபடிதான் பேச வேண்டும், முன்னால் வரக் கூடாது என்றும் சொன்னார்கள்.

பாறைத்தெரு இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகள் முட்டை வாங்கிய கதை தெருவுக்குத் தெரியும். சோலையின் அம்மா பஞ்சவர்ணம் கிரஷரில் ஜல்லி அள்ளுகிறவள், ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், அவ்வளவு நல்ல தொண்டை. வேலை முடிந்து வந்த சாயங்காலங்களில் அவள் தெருவையே பாறை மேல் உட்கார வைத்து, எல்லாரும் ஒரே வாயாகச் சொல்ல ஒரு வாக்கியத்தைப் பழக்கினாள். 'எங்க தெருவ விட்டுப் போக மாட்டோம், இந்தப் பாறைய வெட்ட விட மாட்டோம்.' முதலில் கோணல்மாணலாக வந்தது. பழகப் பழகக் கிழவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கி, ஒரே இடத்தில் நிறுத்தி, கோயில் மணி அடித்ததுபோலச் சொன்னார்கள். பாறை அதைத் திருப்பிச் சொன்னது. சொல்லி முடித்ததும் அவர்களுக்கே புல்லரித்தது.

சோலை மட்டும் சேர்ந்து சொல்லவில்லை. தள்ளி உட்கார்ந்து கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, ஒனக்கு வாய் வலிக்குதா?" என்றாள் பஞ்சவர்ணம்.

"எனக்கு அந்த வாக்கியம் வேண்டாம்."

"நீதான புள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்த, பத்துப் பேரு சேந்தா ஒரு ஆளுக்குச் சமம்னு."

"அதான் எனக்குப் பிடிக்கல. எதுக்கு நம்ம பத்துப் பேரு சேந்து ஒரு ஆளாகணும்? நம்ம வீட்டுச் செவுத்துல வெடிப்பு விழுந்தது வேற. எதுத்த வீட்டு அத்தைக்கு வயித்துப் புள்ள போனது வேற. அப்பா காது வேற. எல்லாத்தையும் ஒரே வாக்கியத்துல எப்படிம்மா சொல்லுவ?"

"ஒத்தையில சொன்னா கேக்காதுடி."

"கேக்குற எடத்துல போயி ஒக்காந்து சொல்லுவோம்."

பஞ்சவர்ணம் சுற்றிலும் பார்த்தாள். "அது அவுங்க எடம்" என்றாள், கொஞ்சம் குரல் இறங்கி.

"எந்த எடத்துலயும் யாரு பேரும் எழுதலம்மா. நானும் வருசக்கணக்கா அந்த ரூம்லதான் ஒக்காந்திருக்கேன். எல்லா பெஞ்சையும் திருப்பிப் பாத்துட்டேன்."

ஒரு கிழவர், "இன்னொருக்கா சொல்லிப் பாப்போம் பஞ்சவர்ணம்" என்றார். மறுபடியும் எல்லாரும் மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.

கூட்டத்தன்று பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடவில்லை. பிள்ளைகள் தங்கள் பெஞ்சில், பெரியவர்கள் அவர்களை இடித்துக்கொண்டு பக்கத்தில். ஜன்னலோரத்தில் மெத்தை தைத்த நாற்காலி போட்டு ராஜாங்கத்தை உட்கார வைத்திருந்தார்கள். அவருக்கு அடுத்த வரிசையில் ஊராட்சித் தலைவரும் மளிகைக்கடை சிதம்பரமும். அதற்கடுத்து, புள்ளியை ஒட்டிய வரிசையில், சிதம்பரத்தின் மகள் விசாலி உட்கார்ந்திருந்தாள். சோலையின் வகுப்புதான். வகுப்பில் அவர்களுக்குள் பெரிய பேச்சு கிடையாது. தசமக் கணக்கில் சோலையின் விடையை டீச்சர் எடுத்துச் சொல்லக் கேட்டுவிட்டு விசாலி தன்னுடையதை அழித்து எழுதுவாள், அவ்வளவுதான் பழக்கம். புள்ளிக்கு வலப்பக்கம் முதல் இரண்டு வரிசைகளில் குவாரி லாரி டிரைவர்களையும் கிளீனர்களையும் உட்கார வைத்துவிட்டதால், பாறைத்தெரு முழுவதும் சுவரோரத்தில் ஒருத்தர் மேல் ஒருத்தர் ஒட்டி நின்றது.

அதிகாரி கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார். நல்ல மனுஷிதான், முகத்தில் அலுப்பு இருந்தது. "யாருக்கு என்ன கருத்து இருக்கோ, தயங்காம சொல்லுங்க" என்றார்.

ராஜாங்கம் உட்கார்ந்த இடத்திலிருந்தே, சட்டைப் பொத்தானிடம் பேசுவதுபோல மெதுவாக, குவாரியால் ஊருக்கு வந்த நன்மைகளைச் சொன்னார். கூரைத் தகரம் அதிர்ந்தது. ஊராட்சித் தலைவர் ஆமோதித்தார், அதுவும் நன்றாகவே கேட்டது.

பஞ்சவர்ணம் கையை உயர்த்தினாள். சுவரோரம் மொத்தமும் மூச்சை இழுத்தது. பாறை மேல் பழகிய அந்த வாக்கியத்தை, நெஞ்சிலிருந்து, ஒரே வாயாக, நரம்பு தெறிக்கச் சொன்னார்கள்.

அதிகாரி தலையைச் சாய்த்துக் கேட்டார். "பக்கத்துல எங்கயாவது ரேடியோ பாடுதா?" என்றார்.

பாறைத்தெரு மறுபடியும் சொன்னது. "அத கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க, மத்தவங்க பேசுறது கேக்க மாட்டேங்குது" என்றார் அதிகாரி, தலைமையாசிரியரிடம். நல்லமுத்து சார் தலையாட்டினார். பஞ்சவர்ணத்தின் கை காற்றில் அப்படியே நின்றது.

"வேற எதிர்ப்பு ஏதும் இல்லையே?" என்று அதிகாரி பேனாவை மூடப் போனார்.

சோலை எழுந்தாள். கால்களையும் முழங்கால்களையும் தாண்டிக்கொண்டு, லாரிக்காரர்களை விலக்கிக்கொண்டு, நடைபாதைக்கு வந்தாள். புள்ளி அவள் கால் பெருவிரலுக்கு முன்னால் இருந்தது. அதை மிதிக்கவில்லை. தாண்டினாள். விசாலியின் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தள்ளி ஒக்காரு" என்றாள்.

விசாலி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பெஞ்சில் இடம் இல்லை. தள்ளுவதென்றால் எழுந்து அடுத்த வரிசைக்கு, அப்பாவுக்குப் பக்கத்தில் போக வேண்டும். அவள் போனால் அந்த வரிசை இன்னும் தள்ள வேண்டும். சிதம்பரம் மகளைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். நல்லமுத்து சார் எழுந்துவிட்டார்.

"சோலையம்மா, உன் எடத்துக்குப் போ."

"எனக்கு இதுதான் வேணும் சார்" என்றாள் சோலை.

ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தக் கூடம் அவள் குரலைக் கேட்டது. அது பெரிய குரல்தான். தந்தையைச் சோற்றுக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். அதிகாரி பேனாவை மூடாமல் நிமிர்ந்தார்.

"டீச்சர், உங்க புள்ளைய கூப்பிடுங்க. எடம் மாறி வந்து நிக்குது" என்றார் தலைமையாசிரியர்.

பிரிசில்லா டீச்சர் வாசலோரம் நின்றிருந்தார். "அவ சரியான எடத்துலதான் சார் நிக்கிறா" என்றார். சொல்லிவிட்டு அவரே அதை எதிர்பார்க்காதவர்போலச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

விசாலி எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு அப்பாவின் வரிசைக்குப் போய், அவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள். "என்ன பாப்பா பண்ற, எந்திரி" என்று சிதம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார், அது எல்லாருக்கும் கேட்டுவிட்டது. விசாலி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வதுபோல, "அவ பேசட்டும்" என்றாள். பத்து மடங்கில் அது கட்டளை மாதிரி கூடத்தில் போய் மோதியது. அப்படி ஒரு குரல் தனக்கு உண்டென்று விசாலிக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"பேசும்மா" என்றார் அதிகாரி.

"என் பேரு சோலையம்மாள். ஏழாவது படிக்கிறேன். நீங்க ரேடியோன்னு நெனச்சது எங்க தெரு. எங்க ஆளுக ஒவ்வொருத்தரும் இந்த எடத்துல வந்து ஒக்காந்து பேசுவாங்க. நீங்க எழுதணும்."

அதற்குப் பிறகு நடந்தது கூட்டம் மாதிரியே இல்லை. பஞ்சவர்ணம் வந்தாள். தூக்கிய கையை இறக்காமலே நடந்து வந்தாள் என்று பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். அவள் புள்ளியைத் தாண்டியதும் மற்றவர்களும் வந்தார்கள், கிழவர்கள், கைப்பிள்ளைக்காரிகள், பள்ளிப் பிள்ளைகள். வருகிறவர்களுக்கு இடம் விட்டு அந்த வரிசையில் இருந்த ஊர்த்தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து இடப்பக்கம் தள்ளினார்கள். சிலர் திட்டிக்கொண்டே தள்ளினார்கள். சிலர், இந்த நெரிசலில் உட்கார்வதற்கு நின்றுகொள்வதே மேல் என்று தள்ளினார்கள். யாரும் புள்ளிக்கு வலப்பக்கம் போக வேண்டியிருக்கவில்லை, யாருடைய குரலும் முன்பிருந்ததை விடக் குறையவில்லை. பத்தாம் இடத்துக்காரர்கள் நூறாம் இடத்துக்கு நகர, நூறாம் இடத்தில் மெத்தை நாற்காலியோடு இருந்த ராஜாங்கத்தை ஜன்னலுக்கு வெளியே தாழ்வாரத்தில்தான் போட முடிந்தது. அங்கே அவர் தொண்டையைக் கனைத்தார். கூரையில் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன, குவாரிப் பக்கமிருந்து யாரோ வெடி வைத்துவிட்டார்கள் என்று நினைத்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அன்றைக்கு அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச முடியாத அளவுக்கு அவர் குரல் பெரிதாகிவிட்டிருந்தது.

பாறைத்தெரு ஒருத்தர் ஒருத்தராகப் பேசியது. பழகிய வாக்கியத்தை ஒருவரும் சொல்லவில்லை. ஒருத்தி, வெடிச் சத்தத்தில் தன் கோழி அடை காத்த முட்டையை விட்டு ஓடிவிடுவதைச் சொன்னாள். ஒருவர் கிணற்றுத் தண்ணீரில் சோறு வெந்தால் பல்லில் மணல் கடிபடுவதைச் சொன்னார். எதிர்வீட்டு அத்தை எழுந்து, இதுவரை தெருவில்கூடச் சொல்லாததை, அந்த மாசத்தின் பெயரையும் கிழமையையும் சொல்லிச் சொன்னாள், அப்போது ஊர்த்தெருப் பெண்கள் பக்கத்திலிருந்து விசும்பல் கேட்டது, பத்து மடங்கில். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். காகிதம் தீர்ந்தது. பிரிசில்லா டீச்சர் பிள்ளைகளின் கணக்கு நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தார்.

முனியாண்டி கடைசியாக வந்தார். அவருக்கு எதுவும் கேட்காததால், இத்தனை மாதமாகக் கூடத்தில் புள்ளி என்று ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது. மகள் எந்த இடத்தில் நின்று பேசினாலும் அவள் உதட்டைப் பார்த்து முழுவதையும் தெரிந்துகொள்கிற மனுஷன் அவர். சோலை அவர் கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்து, பேசுங்கள் என்று சைகை செய்தாள்.

"எனக்குக் காது கேக்காது தாயி" என்றார் அதிகாரியிடம். "அந்த மெஷினத் தோள்ல வச்சுத் தொள போட்டுத் தொள போட்டுப் போயிருச்சு. எம் புள்ள பேசுறதக் கேட்டு ரொம்ப வருசமாச்சு. ஆனா வெடி வச்சா எனக்குக் கேக்கும். கால்ல கேக்கும். தூங்குறப்ப முதுகுல கேக்கும். நீங்க இப்ப எங்க தெருவுக்கு வந்து, செருப்பக் கழட்டிட்டு ஒரு அஞ்சு நிமிசம் நில்லுங்க. அப்பறம் எழுதுங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து, வெளியே வந்து, பாறைத்தெருவுக்கு நடந்தார். ஊரும் பின்னாலேயே நடந்தது. பஞ்சவர்ணத்தின் வீட்டு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அன்றைக்குக் கூட்டத்துக்காகக் குவாரியில் வெடியை நிறுத்தி வைத்திருந்தார்கள், கிரஷர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நின்றார். பாதத்தின் கீழ் தரை ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் போகும்போது செருப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனார்.

ராஜாங்கத்துக்குப் பாறைத்தெரு கிடைக்கவில்லை. உத்தரவு வருவதற்கு மழைக்காலம் ஆனது. தெருவுக்குப் பக்கத்தில் வெடி வைக்கக் கூடாது என்றும் அதில் இருந்தது. அதை மீறி இரண்டு தடவை வைத்தார்கள், இரண்டு தடவையும் பஞ்சவர்ணம் தெருவைக் கூட்டிக்கொண்டு போய்க் குவாரி வாசலில் உட்கார்ந்தாள். அங்கே எந்தப் புள்ளியும் இல்லை, எல்லாருக்கும் நன்றாகவே கேட்டது. சிதம்பரம் மகளோடு கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார், பிறகு பேசினார்.

நல்லமுத்து சார்தான் விடவில்லை. கூட்டம் முடிந்த அடுத்த வாரம் தச்சரை வரவழைத்து, பெஞ்சுகளைப் பழைய இடத்தில் வைத்துத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கி, ஒவ்வொன்றிலும் யார் எங்கே உட்கார வேண்டும் என்று பெயின்டில் பேர் எழுதிவிட்டார். சுவரோரத்துக் கடைசி பெஞ்சில் கொட்டை எழுத்தில் சோலையம்மாள் என்று இருந்தது.

மறுநாள் காலையில் சோலை வந்தாள். தன் பேரைப் பார்த்தாள். எழுத்து அழகாக இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். பையை அதன் மேல் வைத்தாள், உட்காரவில்லை. நடந்து போய், புள்ளியை ஒட்டி இடப்பக்கம், பெஞ்சுக்கும் நடைபாதைக்கும் நடுவில் நின்றாள். பாறைத்தெருப் பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். விசாலிக்கு நல்ல பெஞ்சுதான், காற்றாடிக்கு நேர் கீழே. அவளும் பையை வைத்துவிட்டு வந்து நின்றாள். மற்ற ஊர்த்தெருப் பிள்ளைகள் அன்றைக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாரத்தில் ஒன்றிரண்டு பேர் வந்து நின்றார்கள், நிற்கிற பக்கம்தான் சிரிப்பும் பேச்சும் இருந்தது என்பதால் பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

"ஒக்காருங்க" என்றார் தலைமையாசிரியர்.

"கால் வலிக்கல சார்" என்றாள் சோலை.

அவர் பெற்றோரை வரச் சொன்னார். பெற்றோர் வந்து, பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றார்கள். அவர் பிரிசில்லா டீச்சரைக் கூப்பிட்டு மிரட்டினார். "நானும் நின்னுதான சார் பாடம் எடுக்குறேன்" என்றார் டீச்சர்.

குருவிக்கல்பட்டி நடுநிலைப்பள்ளியில் இப்போதும் கணக்குப் பாடம் நின்றபடிதான் நடக்கிறது. பெஞ்சுகளைக் கழற்ற ஆளில்லை, போல்ட் துருப்பிடித்துத் தரையோடு இறுகிவிட்டது. மழை நாட்களில் பிள்ளைகள் அவற்றின் மேல் தங்கள் குடைகளை விரித்துக் காயப்போடுகிறார்கள்.